பர்பரோஸ்: யாருக்கு யார் அந்நியர்?

கிரேக்கத்தில் 'பர்பரோஸ்' என்று ஒரு சொல். வேற்றுமொழிக்காரன் பேசினால் கிரேக்கன் காதில் 'பர்பர்' என்று விழுந்ததாம், அதனால் அந்தப் பேர். ஹோமரின் இலியத்தில் காரியர்களைப் பர்பரப் பேச்சுக்காரர்கள் என்கிற இடத்தில் மொழி மட்டுந்தான் சங்கதி. பாரசீகப் போர்களுக்குப் பிறகு அதே சொல்லில் நாகரிகமற்றவன் என்ற பொருள் கெட்டிப்படுகிறது. அரிஸ்டாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், பர்பரனும் அடிமையும் இயல்பில் ஒன்றுதான் என்று எழுதிவைத்தார். காதில் கேட்ட சத்தம் காலில் விலங்காக மாறிய கதை இது.

நமக்கு இது புதுசா என்ன? அசுரர்கள் சொல்லைத் திரித்து உச்சரித்துத் தோற்றார்கள், அது மிலேச்சப் பேச்சு, பிராமணன் அப்படிப் பேசலாகாது என்கிறது சதபத பிராமணம். முல்லைப்பாட்டின் பாசறையில் காவல் நிற்கும் மிலேச்சருக்கு நாக்கு உண்டு, பேச்சு இல்லை, உடம்புதான் பேசுகிறது. எம்.ஏ. வகுப்பில் இந்த இடத்தைச் சொல்நயம் பார்த்தே கடந்துபோனோம். அந்தக் காவல்காரன் தன் ஆளோடு என்ன பேசியிருப்பான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நானுந்தான். இத்தனைக்கும் சங்கப் பாட்டிலேயே 'மொழிபெயர் தேயம்' என்ற சொல்லும் இருக்கிறது. மொழி மாறுகிற நாடு, அவ்வளவே. பழிக்காமல் சொல்லவும் தமிழுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் உயர்ந்தோர் பேசுவதே வழக்கு என்று மரபியல் விதித்த பிறகு மற்றவர்கள் பேச்சு என்னவாகும்? 1960களில் ஈழத்தில் டானியல், டொமினிக் ஜீவா போன்றோர் எழுதியதை 'இழிசனர் இலக்கியம்' என்று ஏசியது இந்த விதியின் வாரிசுகள்தான்.

பவுல் இந்தச் சொல்லைக் கையாளும் விதம் வேறு. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், 14ஆம் அதிகாரம். சபையில் யாருக்கும் விளங்காத பாஷையில் பேசுகிறவர்களைப் பற்றிய தகராறு அங்கே. பேச்சின் பொருள் எனக்குத் தெரியாவிட்டால் பேசுகிறவனுக்கு நான் பர்பரன், எனக்கு அவன் பர்பரன் என்கிறார். கிரேக்கன் ஒருபக்கமாக எறிந்துகொண்டிருந்த கல்லை இரண்டு பக்கமும் எறியலாம் என்று காட்டிவிடுகிறார். தமிழ் பைபிளில் இந்த இடத்தில் 'அந்நியன்' என்றிருக்கிறது. தப்பில்லை. ஆனால் வசவு காணாமல் போய்விட்டது. வசவு இல்லையென்றால் அதைத் திருப்பிப் போட்ட துணிச்சலும் தெரியாது.

ஆடலூர்ப் பக்கம் காப்பிப் பழம் எடுக்கும் நாளில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பளியர் குடும்பங்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தன. கூலி பற்றி நாங்கள் மாற்றி மாற்றிப் பேசினோம். அவர்கள் வாயே திறக்கவில்லை. "அவுகளுக்குப் பேச்சு வராது தம்பி, சும்மா முணுமுணுங்கும்" என்றார் ஒரு மேஸ்திரி. சேரியில் பிறந்தவர்தான் அவரும். பேசுவது தமிழ்தான், ராகம் வேறு, சில சொல் வேறு. அதற்கே இந்தப் பட்டம். கூட்டம் கலைந்ததும் ஒரு கிழவியிடம், ஏன் பாட்டி ஒண்ணுமே சொல்லலைன்னு கேட்டேன். "நீங்க மழையாட்டம் பேசுறீக. எந்தச் சொட்டுக்கு நான் பதில் சொல்ல?" என்றது. அந்தக் கிழவிக்கு அன்றைக்கு நான்தான் பர்பரன்.

செண்பகனூர் சேசு சபைக் குருவான டாமன் 1908இலேயே பழனிமலைப் பளியர் பற்றி எழுதினார். அமெரிக்க மானிடவியலர் பீட்டர் கார்ட்னர் 1966இல், இவர்கள் மிகக் குறைவாகப் பேசுகிறவர்கள், நாற்பது வயதுக்குள் ஏறக்குறைய மௌனமாகிவிடுகிறார்கள் என்று எழுதினார். ஒருத்தரையொருத்தர் அதிகாரம் பண்ணாத மரியாதையோடு அதைச் சேர்த்துப் பார்த்ததற்காக அவரை மதிக்கலாம். ஆனால் யார் முன்னால் மௌனம் என்ற கேள்வி எனக்கு மிச்சமிருக்கிறது. கணக்குப்பிள்ளை முன்னால் நிற்கும்போது எங்கள் அப்பனும் நாற்பதுக்கு முன்னமே மௌனமானவர்தான். வீட்டில் வாய் ஓயாது.

அப்போஸ்தலர் 28ஆம் அதிகாரத்தில் கப்பல் உடைந்து கரையேறினவர்களுக்கு மழையிலும் குளிரிலும் தீ மூட்டிக் கொடுத்த மால்டா தீவாரையும் லூக்கா பர்பரர் என்றே எழுதுகிறார். தமிழில் அங்கேயும் 'அந்நியர்'. ஆனால் கொலோசெயர் 3ஆம் அதிகாரத்துக்கு வந்தால், எந்தப் பேதமும் இல்லை என்று சொல்லவந்த வசனத்திலேயே இதே சொல் 'புறஜாதியான்' ஆகிவிடுகிறது. மூலத்தில் இருப்பது பாஷை தெரியாதவன். சாதி எங்கிருந்து வந்தது? ஜாதி என்றால் அன்றைக்கு இனம், தேசம் என்றுதான் அர்த்தம் என்பார்கள். இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை இதைக் கேட்கிறவன் காதில் எந்த அர்த்தம் விழுகிறது? கோயிலில் தனி வரிசையும் கல்லறையில் தனிச் சுவரும் பார்த்து வளர்ந்த காது அது.