ஒரு ‘ஆம்’ குறைந்தது

1979 மார்ச் 22 அன்று ஜெயப்பிரகாஷ் நாராயணன் பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் உயிருடன் இருந்தார். அதே நாளில் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவருடைய மரணத்தை மக்களவையில் அறிவித்தார். இரங்கல் தெரிவித்துச் சபை கலைந்தது. அகில இந்திய வானொலி நாட்டுக்குச் சொன்னது. பிறகுதான் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தது. ஜே.பி. மேலும் ஆறரை மாதங்கள் வாழ்ந்து அக்டோபர் 8 அன்று பாட்னாவில் காலமானார்.

இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. பொய் சொல்லும் நோக்கம் யாருக்கும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நோக்கமே இல்லாமல் இத்தனை பெரிய பொய் எப்படிச் சாத்தியமாயிற்று என்பதே கேள்வி. ஜஸ்லோக் வாசலில் ஒருவர் நின்று ஒரு டாக்டரைக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் பிரதமரே சொன்ன பிறகு டாக்டரைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம். நெருக்கடி நிலையின் 21 மாதங்களில் முற்றிய பணிவு, ஆட்சி மாறியதும் எஜமானரை மட்டும் மாற்றிக்கொண்டது. வானொலிக்குத் தன்னாட்சி தருவதாகச் சொல்லி வந்த அரசு அது. வர்கீஸ் குழுவின் அறிக்கை 1978லேயே அதன் கையில் இருந்தது. அந்த ஆட்சிக்கு வழிசெய்த மனிதரையே அந்த வானொலி சாகடித்தது. 1984 அக்டோபர் 31 அன்று இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். இந்திரா காந்தி இறந்ததை பி.பி.சி. சொல்லிவிட்ட பிறகும் நமது வானொலி மாலைவரை வாய் திறக்கவில்லை. இரண்டும் ஒரே பணிவின் காரியம்.

அரசின் பிடி தளர்ந்தால் சரியாகிவிடும் என்று நம்பினோம். 2016 டிசம்பர் 5 மாலை, ஜெயலலிதா இறந்துவிட்டதாகத் தமிழ்த் தனியார் சேனல்கள் சில அறிவித்தன. கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்தது, கொடி மறுபடி ஏறியது. இரவு 11.30க்கு உயிர் பிரிந்ததாக மருத்துவமனை அறிவித்தது. 2022இல் வெளியான ஆறுமுகசாமி ஆணைய அறிக்கை அந்த நேரத்தையே சந்தேகித்தது. அப்படியானால் சேனல்கள் சொன்னது சரிதானோ என்று கேட்பவர்கள் உண்டு. சரியாகவே இருந்தாலும் குற்றம் குற்றம்தான். யார் பார்த்தார்கள், யார் சொன்னார்கள் என்பதைச் சொல்லாமல் சொன்னார்கள். 75 நாட்கள் அந்த அறையின் கதவைத் தட்டிக் கேள்வி கேட்க வேண்டியவர்கள், அறிக்கைகளை வாசித்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசி மாலையில் முந்திக்கொண்டார்கள். அன்று அரசுக்குப் பணிந்த இடத்தில் இன்று பக்கத்துச் சேனலுக்குப் பயம்.

நமது பேச்சுத் தமிழுக்கு இந்த விஷயத்தில் ஒரு தார்மிகம் உண்டு. “போயிட்டாராம்” என்பாள் பாட்டி. அந்த ‘ஆம்’, நான் பார்க்கவில்லை, காதில் விழுந்ததைச் சொல்கிறேன் என்கிறது. கேட்பவன் உடனே “யார் சொன்னா?” என்று கேட்கலாம். செய்தித் தமிழ் இந்த ‘ஆமை’ப் பாமரத்தனம் என்று கழற்றிப் போட்டது. “காலமானார்” என்று முடிக்கும்; துணிவில்லாதபோது “கூறப்படுகிறது” என்னும். கூறுவது யார்? அந்த வாக்கியத்தில் ஆளே கிடையாது. வதந்திக்கு வேட்டி கட்டிச் சபையில் உட்கார வைக்கும் வினை இது. நாளைக்குத் தவறென்று தெரிந்தால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பும் யாருக்கும் இல்லை.

பத்திரிகைக்காரர்களை வைதுவிட்டு நாம் கை கழுவிவிட முடியாது. ஒரு தலைவர் படுக்கையில் விழுந்ததும் இரங்கல் கவிதைக்கு முதல் வரி தேடியவர்கள் நம்மிடையே இல்லையா? ஒரு நாவலைப் படிக்காமலே “முக்கியமானதாகக் கருதப்படுகிறது” என்று நாம் எழுதுவதில்லையா? நானும் எழுதியிருக்கிறேன். படிக்கவில்லை, நல்லா இருக்காம் என்று எழுதியிருந்தால் கொஞ்சம் வெட்கமாக இருந்திருக்கும். அந்த வெட்கம்தான் செய்தியறைகளிலும் நமது பக்கங்களிலும் இல்லாமல் போயிருக்கிறது.