90 மணி நேரம் உட்கார வைக்கும் சைக்கிள்

பாரிஸ் பக்கத்திலிருந்து கிளம்பி, பிரெஸ்ட் துறைமுகம்வரை போய்த் திரும்ப ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கெடு 90 மணி நேரம். தூங்கினாலும் சாப்பிட்டாலும் பஞ்சர் ஒட்டினாலும் கடிகாரம் நிற்காது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்துக்கு 2019-லும் 2023-லும் இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் போய்வந்தார்கள். அடுத்தது 2027-ல். அதற்குத் தகுதி பெற 200, 300, 400, 600 கிலோமீட்டர் பிரெவே என்ற தகுதி ஓட்டங்களை முடித்துக் காட்ட வேண்டும். சென்னை, கோவை வட்டாரத்து ராண்டோனர்கள், அதாவது நெடுந்தூர சைக்கிள் ஓட்டிகள், பலர் விடியுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவது இந்தக் கனவோடுதான். சைக்கிள் வாங்கும்போது பெரும்பாலும் முதலில் விசாரிக்கப்படுவது அதன் எடை. ஆனால் நெடுந்தூர ஓட்டத்தின் முடிவை எடையைவிட அதிகமாகத் தீர்மானிப்பது உட்காரும் இடம்.

கணக்குப் போட்டாலே இது புரியும். மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறவருக்கு 1,200 கிலோமீட்டரைக் கடக்க 54 மணி நேரமும் அரை மணியும் பிடிக்கும். மிச்சமுள்ள 35 மணி நேரச் சொச்சத்தில்தான் தூக்கம், சாப்பாடு, கன்ட்ரோல் என்ற வழிச் சோதனை இடங்களில் முத்திரை வாங்குவது எல்லாம். லேசான சைக்கிள், கடும் பயிற்சி எல்லாம் சேர்ந்து வேகம் மணிக்கு 23 கிலோமீட்டராக உயர்ந்தால் மிச்சமாவது 2 மணி 22 நிமிடம். அதே ஆள் உட்கார முடியாமல் வழியில் 15 இடங்களில் பத்துப் பத்து நிமிடம் கூடுதலாக இறங்கி நின்றால் போவது இரண்டரை மணி நேரம். மாதக்கணக்கில் பாடுபட்டுச் சேர்த்த வேகத்தை வலி ஒரே ஓட்டத்தில் தின்றுவிடும்.

இந்த உண்மையைப் பிரான்ஸ் முன்பே கண்டுகொண்டது. 1891-ல் நடந்த முதல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸில் ஷார்ல் தெரோன் 71 மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு வென்றார். 1901-ல் மொரிஸ் கராங் அதை 52 மணி 11 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். தொழில்முறை வீரர்களுக்கான கடைசிப் போட்டி நடந்த 1951-ல் மொரிஸ் தியோவின் நேரம் 38 மணி 55 நிமிடம். இதற்கிடையே 1931 முதல் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற சைக்கிள் சங்கம் சாதாரண ஓட்டிகளுக்கும் வழி திறந்திருந்தது. அவர்களுக்குப் பின்னால் உதவி வண்டி வராது. விளக்கு, மழைச் சட்டை, சாப்பாடு எல்லாவற்றையும் சொந்த சைக்கிளிலேயே சுமக்க வேண்டும். அந்தத் தேவைக்கென்றே பாரிஸை ஒட்டிய லெவல்வா-பெரேயில் ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் ஆகியோரின் பட்டறைகள், ஓட்டுகிறவரின் உடம்பை அளவெடுத்து சைக்கிள் செய்தன. மட்கார்டு, கேரியர், டைனமோ, விளக்கு வயர் எல்லாம் பிற்பாடு மாட்டும் உதிரிகளாக இல்லாமல், ஃபிரேமோடு சேர்த்தே திட்டமிடப்பட்டன. 1930-களிலும் 40-களிலும் நடந்த கோன்கூர் தெ மஷீன் போட்டிகளில் இப்படிப்பட்ட சைக்கிள்களைக் கரடுமுரடான மலைச் சாலைகளில் ஓட்டவிட்டார்கள். எது உடைந்தாலும் கழன்றாலும் புள்ளி குறையும். லேசாகவும் இருக்க வேண்டும், உடையவும் கூடாது.

அந்த வார்ப்பில் இன்று செய்யப்படும் ராண்டோனர் சைக்கிளில் ஏறும் ரோடு பைக் பழக்கக்காரருக்கு முதலில் உறைப்பது ஹேண்டில்பாரின் லேசான தன்மை. காரணம் ட்ரெயில் என்ற அளவு. ஃபோர்க்கின் திருகு அச்சைத் தரைவரை நீட்டிக் கோடு போட்டால், அது தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள இடைவெளி அது. ரேஸ் சைக்கிளில் பொதுவாக 55 முதல் 60 மி.மீ. வரை இருக்கும். பிரெஞ்சு ராண்டோனரில் 30 முதல் 40 மி.மீ. வரை வைப்பார்கள். ஹேண்டில்பாருக்கு முன்னால் சிறிய கேரியரில் உட்காரும் பையின் சுமை ஏறியதும் இந்தக் குறைந்த அளவின் அருமை தெரியும். செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டரில் ஊர்ந்தாலும் முன்சக்கரம் இடமும் வலமும் அலையாது. வளைவின் நடுவில் குழி தெரிந்தால் விரல் அழுத்தத்தில் பாதையை மாற்றிவிடலாம். இரவு இரண்டு மணிக்கு, தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது, இந்தச் சின்னச் சின்ன உழைப்பு குறைவது தோளுக்கும் கழுத்துக்கும் பெரிய உதவி.

குறையும் உண்டு. பையைக் கழற்றிவிட்டால் சிலருக்கு இதே திருப்பம் துறுதுறுப்பாகப் படும். மெல்லிய குழாயில் செய்த சில சைக்கிள்கள் கையை விட்டு ஓட்டும்போது முன்பக்கம் நடுங்கவும் செய்யும். நல்ல பட்டறைக்காரர் ஹெட்செட்டில் ஊசி பேரிங் போட்டு இதை அடக்குவார்.

அடுத்த வித்தியாசம் டயர். சக்கரம் 650பி, டயர் 38 முதல் 42 மி.மீ. அகலம், காற்று 40, 50 பி.எஸ்.ஐ. அளவில். 25 மி.மீ. டயரில் 100 பி.எஸ்.ஐ. அடித்துப் பழகியவர்களுக்கு இது சோம்பல் சைக்கிளாகத் தோன்றும். சியாட்டிலிலிருந்து வரும் பைசைக்கிள் குவார்ட்டர்லி இதழின் ஆசிரியர் யான் ஹைனே நடத்திய ஓட்டப் பரிசோதனைகள் அந்த எண்ணத்தை உடைத்தன. டயர் கல்லாக இறுகியிருந்தால் சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பும் ஓட்டுகிறவரின் உடம்பைக் குலுக்குகிறது; அந்தக் குலுக்கலில் வீணாவதும் அவர் மிதித்த சக்திதான். தொழில்முறை ரேஸ் உலகமும் 23 மி.மீ. டயரை விட்டு 25, 28, 30 என்று ஏறி வந்துவிட்டது. அதே ஹைனே, நடுவில் 0.4 மி.மீ. அளவுக்கு மெல்லிதான எஃகுக் குழாயால் ஆன ஃபிரேம் மிதிக்கு இசைந்து கொடுத்து வேகம் கூட்டும் என்றும் வாதிடுகிறார். அதை எல்லோரும் ஏற்கவில்லை. அகல டயர் தரும் சுகத்தைப் பற்றி அப்படி ஒரு சண்டை இல்லை.

இவ்வளவும் கடைசியில் வந்து சேரும் இடம் சீட்.

தோல் சீட்டின் கதை பர்மிங்ஹாமில் தொடங்குகிறது. ஜான் போல்ட்பீ புரூக்ஸ் 1866-ல் குதிரைச் சேணமும் தோல் பொருட்களும் செய்யத் தொடங்கினார். அவருடைய குதிரை இறந்துபோய், இரவல் சைக்கிளில் வேலைக்குப் போனபோது அதன் சீட் பொறுக்க முடியாமல் போனதால்தான் சைக்கிள் சீட் செய்ய இறங்கினார் என்று அந்த நிறுவனம் சொல்லிவருகிறது. 1882-ல் காப்புரிமை வாங்கினார். 1890-களில் வந்த பி17 என்ற அவருடைய நிறுவனத்தின் சீட் இன்றும் விற்பனையில் இருக்கிறது. நீளம் சுமார் 275 மி.மீ., அகலம் சுமார் 175 மி.மீ., எடை அரை கிலோவுக்குச் சற்று மேல். ரேஸ் சீட்டோ சுமார் 200 கிராம்தான்.

அந்தக் கூடுதல் எடைக்கு என்ன கிடைக்கிறது? பி17-ஐத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் பதில் தெரியும். உள்ளே ஸ்பாஞ்சும் இல்லை, பிளாஸ்டிக் தட்டும் இல்லை. ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் தடித்த ஒரே துண்டு மாட்டுத்தோல், பின்னால் ஓர் இரும்புத் தகட்டிலும் முன்னால் மூக்கிலும் ரிவெட் அடிக்கப்பட்டு, நடுவில் அந்தரத்தில் நிற்கிறது. கயிற்றுக் கட்டிலைப் போலத்தான்: விறைப்பாகக் கட்டியிருக்கும், ஆள் உட்கார்ந்தால் இறங்கிக் கொடுக்கும், தொய்ந்தால் இழுத்துக் கட்டலாம். கட்டிலின் கால்மாட்டுக் கயிறு செய்யும் வேலையை இங்கே மூக்குக்கு அடியில் இருக்கும் ஒரு போல்ட் செய்கிறது.

தோல் பதனிடும் விதமும் முக்கியம். குரோமிய உப்பில் பதனிட்ட தோல் அமுக்கினால் பழைய நிலைக்கே திரும்பும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல், சூட்டுக்கும் ஈரத்துக்கும் அழுத்தத்துக்கும் இணங்கிப் புது வடிவம் எடுத்து அதிலேயே நிற்கும். திண்டுக்கல், திருச்சிப் பக்கத்துத் தோல் பதனிடும் கூடங்கள் ஆவாரம் பட்டை போட்டுச் செய்துவந்ததும் இந்த வழிமுறைதான். 19-ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து அந்தத் தோல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. இப்படிப் பதனிட்ட தோல் சீட்டில் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பிட்டத்துக்கு அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள் படும் இடத்தில் இரண்டு மெல்லிய பள்ளங்கள் விழும். பாரம் எலும்பில் நிற்கும்; நடுவிலுள்ள மென்மையான தசை தப்பிக்கும். ஜெல் வைத்த மெத்தை சீட்டில் நடப்பது நேர்மாறு. கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கச் சுகமாக இருக்கும். நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எலும்பு உள்ளே புதைய, மெத்தை நடுவில் பிதுங்கி நரம்பை அழுத்தும். மரத்துப்போவது அங்கேதான் தொடங்கும்.

ஆனால் ரேஸ் சைக்கிளில் பி17-ஐ மட்டும் கொண்டுபோய் மாட்டினால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. ஹேண்டில்பார் சீட்டைவிட மிகவும் தாழ்ந்திருந்தால் இடுப்பு முன்னால் உருளும். எலும்பு விட்ட பாரத்தை மென்தசை வாங்கும். பி17 போன்ற அகல சீட்டுக்கு ஹேண்டில்பார் ஏறத்தாழ சீட் உயரத்துக்கே வர வேண்டும். இன்னொரு சிக்கல் கம்பியில். பல தோல் சீட்டுகளின் அடிக்கம்பியில் கிளாம்ப் பிடிக்கும் நேர்ப்பகுதி குட்டையானது. வேண்டிய அளவு பின்னால் தள்ள முடியாது. அதனால்தான் அளவெடுத்துச் செய்கிறவர் சீட் டியூபைச் சற்றுக் கூடுதலாகச் சாய்த்துவிடுவார், அல்லது பின்னோக்கி வளைந்த சீட் போஸ்ட் போடுவார். தோலுக்கு எமன் தண்ணீர். நனைந்த சீட்டில் ஏறி மிதித்தால் நிரந்தரமாகத் தொய்ந்துவிடும். மேலே விழும் மழைக்கு உறை போடலாம். பின்சக்கரம் அடியிலிருந்து வாரி அடிக்கும் நீரைத் தடுப்பது மட்கார்டுதான். 2007 பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் முழுக்க மழை கொட்டிய ஆண்டு. மட்கார்டின் மதிப்பு அன்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். சீட், ஹேண்டில்பார், ஃபிரேம் சாய்வு, மட்கார்டு நான்கையும் சேர்த்து யோசிப்பதே அளவெடுத்துச் செய்யும் சைக்கிளின் பலம்.

தோல் சீட் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. எலும்பு இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். மாதக்கணக்கில் ஓட்டியும் பழகாமல் கழற்றி விற்றவர்கள் இருக்கிறார்கள். மரத்துப்போகும் தொல்லை உள்ளவர்களுக்கு நடுவில் பிளந்த வகை உதவலாம். பராமரிக்க நேரமில்லாதவர்களுக்குப் புரூக்ஸே கேம்பியம் என்ற பெயரில் ரப்பர், பருத்தித் துணிச் சீட் விற்கிறது. பிரான்ஸின் ஜீல் பெர்த்தூ நிறுவனத்தார் ரிவெட்டுக்குப் பதில் திருகாணி போட்ட தோல் சீட் செய்கிறார்கள்; தோல் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கார்பன் ஃபிரேமிலும் சாதாரண சீட்டிலும் 1,200 கிலோமீட்டரை நன்றாகவே முடிப்பவர்களும் ஏராளம்.

2027-க்குத் தோல் சீட்டை நம்பிப் போகிறவர்கள் முதல் 200 கிலோமீட்டர் பிரெவேக்கு முன்பே அதை மாட்டிவிட வேண்டும். சீட்டின் மூக்கு சற்றே மேல்நோக்கி இருக்கட்டும். மட்டமாக வைத்தால் நடுப்பள்ளம் ஆளை முன்னால் சரியவிட்டு, கைக்குப் பாரம் ஏற்றும். எண்ணெயில் ஊறவைத்து மிருதுவாக்கும் குறுக்குவழி வேண்டாம், தோல் செத்துப்போகும். அதற்கென்று விற்கும் மெழுகை மெல்லியதாகப் பூசினால் போதும். நம் ஊர் வெயிலில் மழையைவிட வியர்வைதான் அதிகம் இறங்கும். ஓட்டி முடித்ததும் நிழலில் காயவைக்க வேண்டும், வெயிலில் வைக்கக் கூடாது. போல்ட்டைத் தொய்வு தெரிந்தால் மட்டும் கால் சுற்றுத் திருகலாம். 300-க்கும் 400-க்கும் இடையில் உயரத்தையும் கோணத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் சரிசெய்துகொண்டு, அதற்குப் பிறகு கைவைக்காமல் விட வேண்டும். ஓர் இரவையாவது விழுங்கும் 600 கிலோமீட்டரை 40 மணி நேரக் கெடுவுக்குள் முடித்து, மறுநாள் நாற்காலியில் முகம் சுளிக்காமல் உட்கார முடிந்தால் அந்த அமைப்பு தேறிவிட்டது. விமானப் பெட்டியில் கட்டுமுன் சீட் போஸ்ட்டில் டேப் சுற்றி உயரத்தைக் குறித்துக்கொண்டால், ஓட்டம் கிளம்பும் ஊரான ராம்புயேவில் இறங்கியதும் அதே இடத்தில் நிறுத்திப் பூட்டிவிடலாம்.