மழுங்கியதா, மழுக்கினார்களா?

ஒன்றின் கூர்மையை, வெளிச்சத்தை, சூட்டைக் குறைத்துச் சொல்லத் தமிழில் வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. அருவா மழுங்கும். விளக்கு அவியும். கொதிக்கிற கஞ்சி ஆறும். கோபம் தணியும். ஊர் அடங்கும். இந்த வினைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். மழுங்கியது - மழுக்கினான், அவிந்தது - அவித்தான், ஆறியது - ஆற்றினான், தணிந்தது - தணித்தான், அடங்கியது - அடக்கினான். முதலாவது தன்வினை, இரண்டாவது பிறவினை. தன்வினையில் காரியம் தானாக நடந்து முடிகிறது. பிறவினையில் செய்தவன் ஒருவன் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

சேரிக்கு நடந்ததை எழுதும்போது மட்டும் பொதுத்தமிழ் ஏன் இந்த முதல் வரிசைக்கே ஓடுகிறது? இலக்கணம் தெரியாதவர்கள் செய்கிற காரியமல்ல இது. நன்றாகத் தெரிந்தவர்கள் செய்வது.

ஒரு சேரி எரிந்த மறுநாள் பத்திரிகையைப் பாருங்கள். 'இரு தரப்பினரிடையே மோதல், குடிசைகள் எரிந்தன, போலீஸ் குவிப்பு, பதற்றம் தணிந்தது.' குடிசை தானா எரிஞ்சுது? பதற்றத்தை யார், எப்படித் தணித்தார்கள்? யாரை உள்ளே வைத்து, யாரை வெளியே விட்டுத் தணித்தார்கள்? அந்தச் செய்தியில் செய்தவன் இல்லை. வன்கொடுமை என்ற சொல்லை 1989ஆம் ஆண்டுச் சட்டம் நமக்குக் கொடுத்தது. அந்தச் சொல்லில் அடித்தவனும் அடிபட்டவனும் வேறு வேறு ஆட்கள். 'மோதல்' என்று எழுதியதும் ரெண்டு பேரும் சமமாகிவிடுகிறார்கள்.

'இரு தரப்பு' என்பது வெறும் வார்த்தைதானே என்பவர்களுக்குக் கண்ணகி - முருகேசன் வழக்கு இருக்கிறது. 2003இல் கடலூர் மாவட்டத்தில், சாதி மீறிக் கல்யாணம் செய்துகொண்ட இருவரையும் பெண் வீட்டார் பிடித்து விஷம் ஊற்றிக் கொன்றார்கள். உள்ளூர்ப் போலீஸ் போட்ட வழக்கிலோ முருகேசன் பக்கத்து ஆட்களும் குற்றவாளிகளானார்கள். இரு வீட்டாரும் தங்கள் தங்கள் பிள்ளையைக் கொன்றதாகக் கதை. பிறகு வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 2021இல் கடலூர் நீதிமன்றம் தண்டித்தவர்களில் அந்தப் போலீஸ்காரர்களும் இருந்தார்கள். 'இரு தரப்பு' என்ற சொல் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களையே கொலைகாரர்களாக்கப் பார்த்தது. அதை உடைக்கப் பதினெட்டு வருஷம் ஆயிற்று.

இன்னொரு தலைப்பு நமக்கு மனப்பாடம். 'விஷவாயு தாக்கித் தொழிலாளர் பலி.' இங்கே செய்தவன் இருக்கிறான், ஆனால் அவன் பெயர் வாயு. குழிக்குள் இறங்கச் சொன்ன மேஸ்திரி, அவனுக்கு வேலை கொடுத்த ஒப்பந்ததாரர், அவனுக்கு மேலே உள்ள அதிகாரி யாரும் அந்த வரியில் இல்லை. பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது குற்றம் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். 1993 முதல் இப்படிச் செத்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது 2014ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு. 2023இல் அது முப்பது லட்சமாயிற்று. சட்டமும் தீர்ப்பும் 'யார் இறக்கினார்கள்' என்று கேட்கின்றன. தலைப்பு எழுதுகிறவர் கேட்பதில்லை.

பத்திரிகையோடு இது நிற்கவில்லை. இலக்கியத்திலும் மழுக்குகிற வேலை நடந்திருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். 'கருகி மாண்டார்கள்' என்று இன்றைக்கும் எழுதுகிறோம், நாமும்தான் எழுதுகிறோம். கருகினார்கள் சரி, கருக்கியது யார்? மிராசுதார்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அவ்வளவு வசதியான ஆட்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. பணம் இருந்தால் பிறவினையிலிருந்து விடுதலை!

இதை வைத்து இந்திரா பார்த்தசாரதி 1975இல் 'குருதிப்புனல்' எழுதினார். 1977க்கான சாகித்ய அகாதமி பரிசும் கிடைத்தது. அந்த நாவல் மிராசுதாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மையின்மையை வேராகக் காட்டுகிறது. நிலம், கூலி, சாதி எல்லாம் சேர்ந்து செய்த கொலை ஒரு தனிமனிதனின் மனக்கோளாறாகச் சுருங்கிவிட்டது. பண்ணையார்கள் எல்லாம் ஆரோக்கியமாக இருந்திருந்தால் வெண்மணி எரிந்திருக்காதா? நாவலில் ஒரு பெயருள்ள மிராசுதார் வருகிறார் என்பது உண்மை. ஆனால் செய்தவனைக் காட்டுவதுபோலக் காட்டி, செய்வித்த அமைப்பை மறைப்பது மழுக்குதலிலேயே தேர்ந்த வகை.

தலித் எழுத்துக்கு விமர்சகர்கள் வைத்திருக்கிற அளவுகோல்களையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பக்குவம், நிதானம், கலையமைதி, அடங்கிய தொனி. 'கோபம் தணிந்து எழுதியிருக்கிறார்' என்பது பாராட்டு. தணிந்தால்தான் கலையாம். பறை அடிக்கிறவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். தோல் தொய்ஞ்சு போனா வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சித்தான் அடிப்பார். சூடு ஏறாத பறை மொத்து மொத்துன்னு கேக்கும், அதை அவர் அமைதி என்று சொல்லமாட்டார், பதம் கெட்டுப்போச்சு என்பார். பாமா 1992இல் வந்த தன் நூலுக்குப் பனைமட்டையின் அறுக்கிற ஓரத்தைக் குறிக்கும் 'கருக்கு' என்ற சொல்லைப் பெயராக வைத்தார். நம் அழகியல் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

அப்படியானால் தணிக்கிற சொற்களே நமக்கு வேண்டாமா? வேண்டும். நம்ம பொம்பளைங்க எழவு வீட்டுல ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கிட்டு ஒப்பாரி வச்சுத்தான் மனசை ஆத்திக்கிறாங்க. அந்த ஆற்றுதலில் செத்தவன் பெயரும் வரும், கொன்றவன் பெயரும் வரும், சாபமும் வரும். அடிபட்டவள் தன் சூட்டைத் தானே ஆற்றிக்கொள்வது வேறு. அடித்தவன் சமாதானக் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து 'எல்லாம் ஆறிப்போச்சு, விட்ருங்கப்பா' என்று சொல்வது வேறு.

மழுங்கிய சொல்லைச் சாணை பிடிக்கவும் முடியும். 'கௌரவக் கொலை' என்று எழுதிக்கொண்டிருந்த தமிழை 'ஆணவக் கொலை' என்று எழுத வைத்தது இயக்கங்களின் விடாப்பிடி. முதல் சொல் கொன்றவனுக்கு மரியாதை கொடுத்தது. இரண்டாவது சொல் அவன் மேல் கை நீட்டுகிறது. சொல் மாறியதால் கொலை நின்றுவிடவில்லை. ஆனால் கொன்றவன் அந்தச் சொல்லுக்குள் இனி ஒளிய முடியாது.

உண்மை அறியும் குழுக்களில் போகிற, துண்டறிக்கை எழுதுகிற, கதை எழுதுகிற தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அச்சுக்குக் கொடுக்கும் முன் வினைச்சொற்களை மட்டும் தனியாகப் படித்துப் பாருங்கள். எரிந்தது, இறந்தார், தணிந்தது, அடங்கியது என்று வருகிற இடத்திலெல்லாம் எரித்தது யார், சாகடித்தது யார், தணித்தது யார், அடக்கியது யார் என்று கேட்டுப் பெயரை எழுதுங்கள். பெயர் தெரியவில்லையென்றால் ஊருக்குத் திரும்பப் போய் விசாரியுங்கள். சேரியில் அது தெரியாத ஆள் இருக்காது.