வில்லி நெல்சனின் கிதார்

டெக்ஸஸ் மாகாணத்து ஆபட் என்னும் சிற்றூரில் 1933-இல் ஜனித்து, பிறர் பாடிப் புகழ் பெறவே நெடுங்காலம் பாட்டுக் கட்டிக் கொடுத்து (1961-இல் பாட்ஸி க்ளைன் பாடிப் பிரசித்தமான ‘கிரேஸி’ அவர் இயற்றியதே), 1975-இல் ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ இசைத்தட்டினால் தாமும் பெருங்கீர்த்தியடைந்த வில்லி நெல்சனின் சரித்திரத்தைக் காட்டிலும், ‘டிரிகர்’ என்னும் அவருடைய கிதாரே என் மனத்தை அதிகம் ஆகர்ஷிக்கிறது. நைலான் தந்தி பூட்டிய அந்த மார்ட்டின் கம்பெனி வாத்தியம் வெறும் விரலால் வாசிப்பதற்கென்றே செய்யப்பட்டதாகையால், மரத்தைக் காக்கும் தகடு அதில் கிடையாது. அவரோ ‘பிக்’ வில்லையால் ஓயாமல் மீட்டி, நாதத் துவாரத்தினருகே மற்றொரு துவாரத்தையே உண்டாக்கிவிட்டார். அதன்மேல் சிநேகிதர்களின் கையொப்பங்கள் வேறு! ரிட்ஜ்டாப் என்னும் ஊரிலிருந்த தம் வீடு பற்றியெரிந்தபோது உள்ளே ஓடி அவர் மீட்டுவந்தவற்றுள் இக்கிதாரும் ஒன்று. மற்றொன்று கஞ்சா என்று அவரே கூசாமல் சொல்லியிருக்கிறார்.