ஊழியர் ஓய்வூதியத் திட்டமும் பணித்தொடர்ச்சி என்னும் முன்னூகமும்: ராயக்கோட்டை – ஓசூர்த் தொழிற்பகுதியை முன்வைத்து

முன்னுரை

தொழிலாளர் வருங்கால வைப்புநிதிச் சட்டம் 1952இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கும், மாநில எல்லை கடந்து அத்திப்பள்ளி, பொம்மசந்திரா ஆலைகளுக்கும் சென்று, ஒப்பந்தம் முடியுந்தோறும் வேலை மாறும் தொழிலாளர் வாழ்வோடு இத்திட்டத்தின் விதிகள் எவ்வளவு பொருந்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிடித்தமும் பங்கீடும்

அடிப்படை ஊதியம், அகவிலைப்படி ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் தொழிலாளி 12 விழுக்காடும் நிறுவனம் 12 விழுக்காடும் செலுத்துவது பொதுவிதி. தொழிலாளியின் பங்கு முழுவதும் வைப்புநிதிக்கே செல்கிறது. நிறுவனப் பங்கில் 8.33 விழுக்காடு ஓய்வூதிய நிதிக்கும், எஞ்சிய 3.67 விழுக்காடு வைப்புநிதிக்கும் பிரிகின்றன. ஓய்வூதிய நிதிக்கு நடுவண் அரசு 1.16 விழுக்காடு சேர்க்கிறது. எனவே, ஊதியச் சீட்டில் காணும் பிடித்தமே பின்னாளில் ஓய்வூதியமாக வரும் என்னும் பரவலான எண்ணம் பிழையானது. எனினும், நிறுவனப் பங்கையும் மொத்த ஊதியச் செலவில் அடக்கிக் கணக்கிடும் வழக்கம் நிலவுவதால், அதுவும் தொழிலாளியின் உழைப்பு ஈட்டிய தொகையே எனக் கொள்வது பொருந்தும்.

உச்சவரம்பு

ஓய்வூதியக் கணக்கிற்கான ஊதிய உச்சவரம்பு 2014 செப்டம்பரில் 6,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதன்பின் பத்தாண்டு கடந்தும் அது அவ்வளவிலேயே நின்றது. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு வரியின் உச்சவரம்போ சராசரி ஊதிய வளர்ச்சியை ஒட்டி ஆண்டுதோறும் திருத்தப்படுவது. மேலும், 2014 செப்டம்பருக்குப் பின் முதன்முதலாக 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஊதியத்தில் சேர்வோர் ஓய்வூதியத் திட்டத்தின் உறுப்பினராகவே ஆவதில்லை. உச்சவரம்பு பயனை மட்டுமன்றி உறுப்புரிமையையும் வரையறுக்கிறது என்பது இங்கு நோக்கத்தக்கது.

பணித்தொடர்ச்சி

ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். இறுதி 60 திங்களின் சராசரி ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பதே வாய்பாடு. இருபதாண்டுக்குக் குறையாது பணிபுரிந்து 58 வயதில் ஓய்வு பெறுவோர்க்கு மேலும் 2 ஆண்டுகள் கூட்டப்படும். 15,000 ரூபாய்க்கு மேற்படாத ஊதியத்தில் சேர்ந்து, இறுதியில் அவ்வரம்பை எட்டும் ஒருவர் 6, 7, 8, 9 ஆண்டுகள் என நான்கு ஆலைகளில் 30 ஆண்டுகள் உழைப்பதாகக் கொள்வோம். பணிக்காலத்தை ஒன்றோடொன்று இணைத்துவந்தால் திங்கள்தோறும் சுமார் 6,857 ரூபாய் கிடைக்கும். ஒவ்வொரு விலகலின்போதும் ஓய்வூதியத் தொகையைத் திரும்பப் பெற்றுவிட்டால் அவருக்கு ஓய்வூதியம் இல்லை. ஏனெனில், எந்த ஆலையிலும் 10 ஆண்டு நிரம்பவில்லை. உழைப்பு ஒன்றே, முடிவுகள் இரண்டு.

பத்தாண்டுத் தகுதி அமெரிக்க முறையிலும் உண்டு. ஆயின், அங்கு இடையில் தொகையைத் திரும்பப் பெற வழியில்லை. நிறுவனம் மாறினும் கணக்கு தானே தொடரும். இந்தியாவில் பொதுக் கணக்கு எண் 2014இல் அறிமுகமாகியும், திரும்பப் பெறும் வழி திறந்தே உள்ளது. வேலையற்ற மாதங்களில் வாடகைக்கும் மருத்துவத்திற்கும் அத்தொகை உதவுவதை மறுப்பதற்கில்லை. பணியிலிருக்கையில் இறந்தவரின் துணைவிக்கு, ஒரு திங்கள் பங்களிப்பு இருப்பினும் ஓய்வூதியம் வழங்கும் விதியும் இத்திட்டத்தின் சிறப்பேயாகும். எனினும், வேலையின்மைக்கான ஆதரவை முதுமைக்கான நிதியிலிருந்தே எடுக்கச் செய்வது திட்டத்தின் அடிப்படைக் குறையாகும்.

முடிவுரை

ஒப்பந்தத் தொழிலாளர்க்கான பங்களிப்பைச் செலுத்தும் பொறுப்பை விதிகள் முதன்மை நிறுவனத்தின்மீது சுமத்துகின்றன. பணிக்காலத்தை இணைக்கும் பொறுப்போ தொழிலாளியிடமே எஞ்சுகிறது. பத்தாண்டுக்குக் குறைந்த பணிக்காலத்தோடு விலகுவோர்க்குத் தொகைக்கு மாற்றாகப் பணிக்காலத்தைக் காக்கும் திட்டச் சான்றிதழ் பெறும் உரிமை உண்டு. விலகும் நாளில் அச்சான்றிதழே இயல்பாக வழங்கப்பட்டு, தொகை பெறுதல் விதிவிலக்காக அமைதல் வேண்டும். உச்சவரம்பும் ஊதிய வளர்ச்சியோடு இயைந்து உயர்தல் வேண்டும். இவையின்றேல், வேலை மாறி வாழும் தொழிலாளர்க்கு இத்திட்டம் ஓய்வூதியமாகாது, இடைக்காலச் சேமிப்பாகவே எஞ்சும்.