அரசு அறிவிப்பை நம்பி வாழ்ந்த கான்சாஸ் உள்ளூர் இதழ்கள்

கான்சாஸின் முதல் இதழ்கள் வாசகர்கள் கூடிய பிறகு தோன்றியவை அல்ல. வாசகர்களை அங்கே வரவழைப்பதற்கென்றே தோன்றியவை. அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்ற முடிவை 1854இன் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் குடியேறுவோரிடமே விட்டதால், இரு தரப்பும் ஆள் திரட்ட அச்சகத்தை நாடின. அடிமைமுறையை எதிர்த்த 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீடம்' ஏட்டின் முதல் இதழ், லாரன்ஸ் ஊர் சரிவர உருவாகும் முன்பே பென்சில்வேனியாவில் அச்சாகிவிட்டது. 1856 மே 21 அன்று எதிர்த்தரப்பினர் லாரன்ஸைச் சூறையாடியபோது அங்கிருந்த இரு அச்சகங்களும் அழிக்கப்பட்டன. எதிரிகளே ஏட்டுக்கு அத்தனை மதிப்பளித்த காலம் அது.

கொள்கைச் சண்டை ஓய்ந்த பிறகு சிற்றூர் ஏடுகளைத் தாங்கியது வேறொரு ஊற்று. 1862இன் குடிமனைச் சட்டப்படி 160 ஏக்கர் வரை அரசு நிலம் கோரிய ஒருவர், ஐந்தாண்டுகள் அங்கே குடியிருந்து பயிரிட்டதை நிரூபித்தால் அதற்கு உரிமையாளராக முடியும். அவ்வாறு நிரூபிக்கவிருக்கும் செய்தியை, நிலத்துக்கு மிக அருகில் வெளிவரும் ஏடு ஒன்றில், வாரம் ஒரு முறையாக முப்பது நாட்கள் வெளியிட வேண்டும் என்று 1879ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. செலவு குடியேறியவருடையது, எந்த ஏடு என்பதை முடிவு செய்பவர் நில அலுவலகப் பதிவாளர். ஆகவே, விளம்பரம் தரக் கடைகளே போதாத மேற்குக் கான்சாஸ் குடியிருப்புகளிலும், ஒரு கை அச்சு எந்திரமும் ஒரு பக்கம் முன்பே அச்சிடப்பட்டு வெளியூரிலிருந்து வரும் தாள்களும் இருந்தால் ஏடு நடத்த முடிந்தது. நிலமெல்லாம் கைமாறி அறிவிப்புகள் வற்றியதும் அவற்றுள் பல, சந்தை கலைந்ததும் எடுக்கப்படும் கடைகளைப் போல, மூடப்பட்டன.

இம்முறையை வெறும் மானியம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. விண்ணப்பித்தவரின் பெயர், நிலத்தின் அளவை எண், சாட்சிகளின் பெயர்கள் ஆகியவை அச்சில் வந்ததால், குடியேறாமலே நிலத்தை வளைக்க முயல்பவரை அண்டை நிலத்தார் தடுக்க வழி பிறந்தது. எதிர்பாராத பயன் ஒன்றும் விளைந்தது: இதழாசிரியர்களே 1875இல் நிறுவிய கான்சாஸ் வரலாற்றுக் கழகம் மாநிலத்தின் ஏடுகளைத் தொடர்ந்து சேகரித்து வைத்ததால், வேறெங்கும் பதிவாகாத எளிய மனிதர்களின் சுவடுகள் இன்று இந்தச் சலிப்பூட்டும் பத்திகளில்தான் கிடைக்கின்றன. உண்மையைச் சொன்னால், அதே பக்கத்தில் தம் ஊரை வானளாவப் புகழ்ந்த தலையங்கங்களைவிட அவை நம்பத்தக்கவை.

குறை இருந்த இடம் வேறு. யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவரிடமே ஏடு கூலி பெற்றது. நில அறிவிப்புகளுக்குப் பின் வரிப்பாக்கிப் பட்டியல், மாவட்ட வரவுசெலவுக் கணக்கு போன்ற சட்ட அறிவிப்புகள் முதன்மை பெற்றபோதும், எது அதிகாரபூர்வ ஏடு என்று தேர்ந்தெடுத்தவர்கள் மாவட்ட ஆணையர்களே. கட்சி விசுவாசத்துக்கான பரிசாக அத்தேர்வு எளிதில் மாறக்கூடியதாக இருந்தது. 1895இல் 3,000 டாலருக்கு 'எம்போரியா கெஸட்'டை வாங்கிய வில்லியம் ஆலன் ஒயிட், 1922இல் ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது ஆளுநரின் தடையை எதிர்த்துக் கருத்துச் சுதந்திரத்துக்காக எழுதிய தலையங்கத்துக்கு 1923இல் புலிட்சர் பரிசு பெற்றார். 1924இல் கூ கிளக்ஸ் கிளான் என்ற நிறவெறி அமைப்பை எதிர்த்து ஆளுநர் தேர்தலிலும் நின்றார். அவருடைய துணிவு ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் நூல்களாலும் தேசிய இதழ்களில் எழுதியதாலும் வந்த வருவாயும் புகழும் அவருக்கு ஊருக்கு வெளியே ஊன்றுகோலாக இருந்தன. அத்தகைய துணை இல்லாத ஆசிரியரை அவரோடு ஒப்பிட்டுக் கோழை என்பது எளிது, சரியன்று.

2023 ஆகஸ்ட் 11 அன்று கான்சாஸின் 'மேரியன் கவுன்டி ரெக்கார்ட்' வார ஏட்டின் அலுவலகத்தைக் காவல்துறை சோதனையிட்டுக் கணினிகளைக் கைப்பற்றியது; வீடும் சோதனையிடப்பட்ட 98 வயது இணை உரிமையாளர் மறுநாள் இறந்தார். போதிய ஆதாரமில்லை என்று சில நாட்களில் அந்தச் சோதனை ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதிகாரிகளோடு மோதினால் சிற்றூர் ஏடு தரும் விலை அறிவிப்பு வருவாயோடு நின்றுவிடுவதில்லை என்பதை இது காட்டியது.

அறிவிப்புகளை அரசு அமைப்புகள் தங்கள் இணையதளத்திலேயே வெளியிட்டுச் செலவைக் குறைக்கலாம் என்ற வாதம் இப்போது வலுத்துவருகிறது. அது நடந்தால் ஆணையர்களின் தயவு ஏடுகளுக்குத் தேவைப்படாது. ஆனால் எந்த அறிவிப்பு என்று வெளியானது, பின்னர் திருத்தப்பட்டதா என்பதற்கு அதை வெளியிட்ட அலுவலகமே ஒரே சாட்சியாகிவிடும்.