ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா: பலமும் பழுதும்

1906 டிசம்பர் 4 அன்று, நியூயார்க் மாநிலத்தின் இதாக்கா நகரிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் ஏழு பேர் கூடி ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற சகோதர சங்கத்தைத் தொடங்கினார்கள். கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடி, பல கல்லூரிகளில் கிளை விட்டு, இன்றுவரை நிலைத்திருக்கும் ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர் சங்கங்களில் இதுவே மூத்தது. ஹென்றி ஆர்தர் காலிஸ், சார்லஸ் ஹென்றி சாப்மன், யூஜின் கிங்கிள் ஜோன்ஸ், ஜார்ஜ் பிடில் கெல்லி, நதானியல் ஆலிசன் மரே, ராபர்ட் ஹெரால்ட் ஓகிள், வெர்ட்னர் உட்சன் டாண்டி ஆகிய அந்த எழுவரைச் சங்கத்தார் ஏழு ரத்தினங்கள் என்று போற்றுகிறார்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் சகோதர சங்கம் என்பது பொழுதுபோக்கு மன்றம் மட்டுமல்ல. பல ஊர்களில் அதுவே தங்கும் வீடு, சாப்பாட்டுக் கூடம், பழைய வினாத்தாள் கிடைக்கும் இடம், படிப்பு முடிந்தபின் வேலைக்குச் சிபாரிசு செய்யும் வட்டம். அன்றைய வெள்ளையர் சங்கங்கள் கறுப்பின மாணவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அதே வீடுகளில் பரிமாறவும் எடுபிடி வேலை செய்யவும் கறுப்பின மாணவர்கள் சம்பளத்துக்குப் போய்வந்தார்கள். மேசையில் உட்கார முடியாது, மேசையைத் துடைக்கலாம் என்ற நிலை. 1904-05 கல்வியாண்டில் கார்னெலில் படித்த கறுப்பின மாணவர் ஆறு பேர் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. மீதியிருந்தவர்களை அது உலுக்கியது. ஒருவருக்கொருவர் துணை இல்லாவிட்டால் அந்த மலைமேட்டுக் கல்லூரியில் தாக்குப்பிடிக்க முடியாது என்ற நடைமுறை அறிவிலிருந்துதான் சங்கம் பிறந்தது.

பிறக்கும்போதே அதற்குள் ஒரு வாக்குவாதம் இருந்தது. முதலில் கூடியது ஓர் இலக்கிய வாசிப்பு வட்டம். வேளாண்மையில் மேற்படிப்பு படித்துவந்த சி. சி. பாயின்டெக்ஸ்டர் அதற்குத் தலைமை ஏற்றார். வட்டம் அப்படியே திறந்த வட்டமாக இருக்கட்டும் என்பது அவர் கட்சி. வெள்ளையரைப் போலவே ரகசியச் சடங்கும் சின்னமும் உள்ள சங்கம் வேண்டும் என்பது எதிர்க்கட்சி. பாயின்டெக்ஸ்டர் தோற்று விலகினார். சங்க வரலாறுகளில் அவர் பெயர் ஓரமாகத்தான் வருகிறது. ஆனால் அடுத்த நூறாண்டில் சங்கத்துக்கு வந்த பெருமை, சிறுமை இரண்டுக்கும் வேர் அந்த விவாதத்தில் இருக்கிறது. தங்களுக்கு மூடப்பட்ட கதவைக் கண்டு கொதித்தவர்கள், தங்களுக்கென்று ஒரு வீட்டைக் கட்டியபோது அதற்கும் மூடிய கதவையே வைத்தார்கள்.

வளர்ச்சி வேகமாக இருந்தது. 1907-இல் வாஷிங்டனிலுள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டாவது கிளை. 1908-இல் அங்கேயே முதல் பொது மாநாடு. 1911-இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் தொடங்கிய கிளைதான் முக்கியமான திருப்பம். அது பட்டதாரிகளின் கிளை. வெள்ளையர் சங்கங்களில் உறுப்பினர் வாழ்க்கை பெரும்பாலும் பட்டமளிப்பு விழாவோடு முடிந்து, பிறகு நினைவாகவும் நன்கொடையாகவும் தேய்ந்துவிடும். இங்கோ மருத்துவர், வழக்கறிஞர், போதகர், ஆசிரியர் என்று ஊர் ஊராகப் பிரிந்துபோனவர்கள் அந்தந்த ஊரில் மாதந்தோறும் கூடினார்கள், சந்தா கட்டினார்கள், இளையவர்களைத் தாங்கினார்கள். கறுப்பின மக்களுக்கு வங்கி கடன் தராத, நகராட்சி செவிசாய்க்காத காலத்தில், படித்தவர்கள் ஒன்றுகூடிப் பணமும் திட்டமும் திரட்ட இப்படி ஒரு நிரந்தர ஏற்பாடு கிடைத்தது பெரிய காரியம். இதுவரை 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் உறுப்பினராகியிருக்கிறார்கள்.

நிறுவனர்களின் பிற்கால வாழ்க்கையே இந்த ஏற்பாட்டின் தரத்தைச் சொல்லும். ஜோன்ஸ் தேசிய நகர்ப்புற லீக்கின் நிர்வாகச் செயலாளராகப் பல ஆண்டுகள் உழைத்து, தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்த கறுப்பினத் தொழிலாளருக்கு வேலையும் வீடும் தேடித்தந்தார். டாண்டி நியூயார்க் மாநிலத்தில் பதிவுபெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞர். ஹார்லெமில் உள்ள புனித பிலிப் ஆலயத்தின் வடிவமைப்பில் அவருக்குப் பங்குண்டு. கெல்லி பொறியாளரானார், காலிஸ் மருத்துவரானார்.

சங்கத்தின் குறிக்கோள் வாசகம், முதன்மையாய் நிற்போம், அனைவருக்கும் தொண்டராவோம், அனைத்தையும் கடந்து உயர்வோம் என்ற பொருள் தருவது. இலட்சியங்களாக ஆண்மைச் செயல், கல்வி, மனிதகுலம் முழுவதன் மீதும் அன்பு என்ற மூன்றைச் சொல்வார்கள். இப்படிப்பட்ட வாசகங்கள் எந்தச் சங்கத்திலும் சுவரில் தொங்கும். சங்கம் நிஜமாக எதற்குச் செலவு செய்தது என்பதே அளவுகோல். முதல் உலகப் போரையடுத்த ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளிக்குப் போ, கல்லூரிக்குப் போ என்ற இயக்கத்தைத் தொடங்கி, உறுப்பினர்கள் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் பேசினார்கள். 1930-களில், வாக்கில்லாத மக்கள் நம்பிக்கையில்லாத மக்கள் என்ற முழக்கத்தோடு வாக்காளர் பதிவுக்கு இறங்கினார்கள். தென்மாநிலங்களில் வாக்குரிமை வரியும் எழுத்தறிவுத் தேர்வும் கறுப்பினத்தவரை வடிகட்டிய காலம் அது. வாக்காளர் பட்டியலில் பெயர் கேட்டுப் போனால் வேலை போகும், சில ஊர்களில் உயிரே போகும். அந்த முழக்கம் இன்றும் சங்கத்தின் நிலைத்த பணித்திட்டம்.

ஆனால் சங்கத்தின் ஆகச்சிறந்த பணி நீதிமன்றத்தில் நடந்தது. 1935-இல் டொனால்டு கெயின்ஸ் மரே என்ற பட்டதாரி மேரிலாந்துப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடி வென்றார். 1936 ஜனவரியில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அவருக்காக வாதாடிய சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன், தர்குட் மார்ஷல் இருவருமே சங்கத்தின் உறுப்பினர்கள். மார்ஷல் 1967-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

ஹெண்டர்சன் வழக்கு இன்னும் கூர்ந்து பார்க்கத்தக்கது. 1942 மே 17 அன்று எல்மர் ஹெண்டர்சன் என்ற மத்திய அரசு ஊழியர் வாஷிங்டனிலிருந்து அலபாமாவின் பர்மிங்காமுக்கு ரயிலில் முதல் வகுப்பில் போனார். இரவு உணவுக்கு அழைப்பு வந்ததும் உணவுப் பெட்டிக்குச் சென்றார். சமையலறையை ஒட்டிய கடைசி இரண்டு மேசைகள்தான் கறுப்பினத்தவருக்கு. அவர்கள் உட்கார்ந்தால் நடுவில் திரைச்சீலை இழுக்கப்படும். அன்று அந்த மேசைகளிலும் வெள்ளைப் பயணிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் இருக்கை காலியாக இருந்தும் அவரை அமரவிடவில்லை. இருக்கைக்கே உணவை அனுப்புகிறோம் என்றார்கள், அவர் மறுத்தார். இடம் காலியானதும் சொல்லியனுப்புவதாக வாக்களித்தார்கள், சொல்லியனுப்பவில்லை. அவர் மீண்டும் இருமுறை போய்ப் பார்த்தார். இரவு 9 மணியளவில் உணவுப் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். அவர் சாப்பிடவே இல்லை.

வழக்கு எட்டு ஆண்டுகள் நடந்தது. இடையில் ரயில்வே நிறுவனம் விதியைத் திருத்தி, வெள்ளையருக்குப் பத்து மேசை, கறுப்பினத்தவருக்குத் திரைச்சீலையோடு ஒரு மேசை என்று ஒதுக்கியது. தனிமனிதர் ஒருவர் இவ்வளவு காலம் வழக்கைச் சுமக்க முடியாது. ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா சுமந்தது. அதன் தலைவராகவும் இருந்த பெல்ஃபோர்டு லாசன் வாதாடினார். 1950 ஜூன் 5 அன்று உச்ச நீதிமன்றம், அந்தத் திரைச்சீலையும் ஒதுக்கீடும் மாநிலங்களிடை வணிகச் சட்டத்துக்கு முரணானவை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பிரித்து வைப்பதே அரசியலமைப்புக்கு எதிரானது என்றுவரை அத்தீர்ப்பு போகவில்லை; அந்த வாசலைப் பள்ளிகளில் இனப் பிரிவினையை எதிர்த்த 1954-இன் பிரவுன் வழக்கு திறந்தது. ஆயினும் மருத்துவர்களும் ஆசிரியர்களும் கட்டிய சந்தா ஒரு திரைச்சீலையைச் சட்டப்படி கிழித்தது. ஒரு மாணவர் சங்கத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய பக்கம் இருப்பது அரிது.

மார்ட்டின் லூதர் கிங் 1952-இல் பாஸ்டனில் முனைவர் பட்ட மாணவராக இருந்தபோது இச்சங்கத்தில் சேர்ந்தார். இனப் பிரிவினையை எதிர்த்து மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த 1956-இல், பஃபலோ நகரில் கூடிய பொன்விழா மாநாட்டில் அவர் உரையாற்றினார். அவருக்கு வாஷிங்டனில் நினைவிடம் எழுப்பவேண்டும் என்ற யோசனையை 1984-இல் சங்க உறுப்பினர்கள் முன்வைத்தார்கள். 1996-இல் நாடாளுமன்றம் அனுமதித்தது. சுமார் 12 கோடி டாலர் செலவில் எழுந்த நினைவிடம் 2011-இல் திறக்கப்பட்டது. அதன் முகவரி 1964, இன்டிபென்டன்ஸ் அவென்யூ. அந்த எண் குடிமையுரிமைச் சட்டம் நிறைவேறிய ஆண்டைக் குறிக்கிறது. ஒரு யோசனையை 27 ஆண்டுகள் விடாமல் பிடித்து நடத்த, தலைமுறை மாறினாலும் கலையாத அமைப்பு வேண்டும். ஆயுட்கால உறுப்பினர் முறையின் பலன் அதுதான்.

இனி பழுதுகள். முதலாவது மேட்டிமை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கறுப்பினத்தவரில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரிலும் தேர்ந்தெடுத்த சிலர்தான் சங்கத்துக்குள் வரமுடியும். இந்தத் தேர்வுக்கு அறிவுலக நியாயம் தந்தவர் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ். இனத்தின் திறமைமிக்க பத்தில் ஒரு பங்கினர் மற்றவர்களைக் கைதூக்கிவிடுவார்கள் என்று 1903-இல் எழுதிய அவர், பின்னர் இச்சங்கத்தின் கௌரவ உறுப்பினரும் ஆனார். ஆனால் 1948-இல் ஒஹையோ மாநிலத்தின் வில்பர்ஃபோர்சில், கறுப்பின உயர்தொழிலரின் மற்றொரு சங்கமான சிக்மா பை ஃபை மாநாட்டில் பேசும்போது, தம் பழைய கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார். படித்தவர்கள் தாமாகத் தியாகம் செய்வார்கள் என்று நம்பியது தவறு, சுயநலம் அவர்களையும் பற்றும் என்பது அவர் பேச்சின் சாரம். எண்பது வயதில், தம்மைக் கொண்டாடும் கூட்டத்தின் முகத்துக்கு நேரே அதைச் சொன்ன நேர்மை வணங்கத்தக்கது. ஹோவர்டின் சமூகவியலாளர் இ. ஃபிராங்க்ளின் ஃப்ரேசியர் 1957-இல் ஆங்கிலத்தில் வந்த தம் நூலில் இன்னும் கடுமையாக, கறுப்பின நடுத்தர வர்க்கம் விருந்துகளிலும் ஆடம்பரச் சங்க வாழ்விலும் ஒரு கற்பனை உலகைக் கட்டிக்கொண்டு வாழ்கிறது என்றார். ஹெண்டர்சன் வழக்கை வைத்துப் பார்த்தால் ஃப்ரேசியரின் தீர்ப்பு முழு நியாயமல்ல. ஆனால் மாநாட்டு விருந்துகளை வைத்துப் பார்த்தால் அதைத் தள்ளவும் முடியாது.

இன வரம்பு விஷயத்தில் சங்கம் தன்னைத் தானே திருத்திக்கொண்டது. கறுப்பின ஆண் மாணவர் என்றிருந்த உறுப்பினர் விதியை, எந்த ஆண் மாணவரும் என்று மாற்ற 1940-களிலேயே முடிவெடுத்தது. பல வெள்ளையர் சங்கங்களின் விதிநூலில் அப்போது இனத்தடை எழுத்திலேயே இருந்தது.

இரண்டாவது பழுது மன்னிக்க முடியாதது. சேர்க்கையின் பெயரால் நடக்கும் வன்முறை அது. நம் கல்லூரிகளில் ராகிங் என்று சொல்வதற்கு இது நெருக்கமானது. ஆனால் ராகிங் புதிதாக வருபவர் எவர் மீதும் பாயும், இதுவோ சங்கத்துக்குள் நுழையத் தாமே விரும்பி வந்தவர்கள் கொடுக்கும் விலை. சேர விரும்புகிறவர்கள் வரிசை என்ற குழுவாக நிறுத்தப்படுவார்கள். உயரப்படி எண் தரப்படும். ஒரே உடை, ஒரே நடை, பல வாரத் தூக்கமின்மை. மூத்தவரைக் கண்டால் பாடம் ஒப்பிக்க வேண்டும், தவறினால் மரமட்டையால் அடி. வெள்ளையர் சங்கங்களில் பெரும்பாலும் மது கொல்கிறது, கறுப்பினச் சங்கங்களில் அடி கொல்கிறது என்பது இத்துறை ஆய்வாளர்கள் கண்ட வேறுபாடு.

1989-இல், கிங் படித்த மோர்ஹவுஸ் கல்லூரியில், ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் சேர முயன்ற மாணவர் ஒருவர் இத்தகைய சடங்கொன்றின்போது இறந்தார். 1990-இல் கறுப்பினச் சங்கங்களின் கூட்டமைப்பு பழைய பயிற்சிக்கால முறையையே ஒழித்து, விண்ணப்பம், நேர்முகம், சில நாள் வகுப்பு என்ற புதிய சேர்க்கை முறையைக் கொண்டுவந்தது. தடை காகிதத்தில் வந்தது, அடி தலைமறைவானது. கல்லூரி வளாகத்தில் நடந்தது தனி வீடுகளுக்கும் நள்ளிரவுக்கும் இடம்பெயர்ந்தது. சட்டப்படி மட்டும் சேர்ந்தவர்களைக் காகித உறுப்பினர் என்று சகோதரர்களே இகழும் வழக்கம் உண்டு. அந்த ஒரு சொல் விதிநூல் முழுவதையும் தோற்கடிக்கிறது. 2025 பிப்ரவரியில் லூசியானாவில், இக்கூட்டமைப்பின் வேறொரு சங்கத்தில் சேர விரும்பிய 20 வயது மாணவர் இறந்தார். குத்துச்சண்டைக் கையுறை அணிந்தவர்கள் அவர் நெஞ்சில் குத்தினார்கள் என்று போலீசார் தெரிவித்தார்கள்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் சில. துன்பத்தைச் சேர்ந்து தாங்கியவர்களுக்கே பிணைப்பு ஆழமாகும் என்பது ஒன்று. கறுப்பின ஆணை மனிதனாகவே மதிக்காத நாட்டில், வலியைத் தாங்குவது தன் மதிப்பை நிலைநாட்டும் வழியாகிவிட்டது என்ற விளக்கம் மற்றொன்று. சங்க உறுப்பினரான ஆய்வாளர்களே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டாவது விளக்கம் நோயின் காரணத்தைக் காட்டுகிறது, நியாயத்தைத் தருவதில்லை. முதலாவது வரலாற்றிலேயே பொய்த்துவிடுகிறது. ஏழு நிறுவனர்களை மட்டையடி இணைக்கவில்லை. கல்லூரியிலிருந்து காணாமல் போன ஆறு நண்பர்களின் நினைவு இணைத்தது. ஒருவனும் படிப்பை விட்டுப் போய்விடக் கூடாது என்று தொடங்கிய சங்கத்தின் வாசலில் ஒரு மாணவன் செத்துக் கிடப்பது, அதன் பிறப்புக் காரணத்துக்கே செய்யும் துரோகம்.

ரகசியம்தான் இந்த இரண்டு வரலாறுகளும் பிரியும் இடம். நீதிமன்றம், வாக்காளர் பதிவு, நினைவிடம் ஆகிய மூன்றும் எல்லோர் கண்முன்னும் நடந்தவை. அவற்றுக்கு மறைவு தேவைப்படவில்லை. மறைவில் நடந்ததில் பாடலும் சடங்கும் தீங்கற்றவை, அவை இருந்துவிட்டுப் போகட்டும். அடியை மட்டும் காப்பாற்ற ரகசியம் வேலிபோட்டது. மாநாட்டில் கண்டனத் தீர்மானம் போடுவதோடு தலைமை நிற்காமல், மறைத்தவர்களையும் அடித்தவர்களுக்கு இணையாக வெளியேற்ற வேண்டும். ஒரு மரணத்துக்குப் பின் ஒரு கிளையை மூடுவது போதவில்லை என்பதற்கு 1990-க்குப் பிந்தைய ஆண்டுகளே சாட்சி.

2024 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவில் கையெழுத்தான மத்தியச் சட்டம் ஒன்று, இத்தகைய வன்முறையில் குற்றம் கண்டறியப்பட்ட மாணவர் சங்கங்களின் பெயர்களை கல்லூரிகள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்கிறது. கறுப்பினச் சங்கங்களுக்கும் வெள்ளையர் சங்கங்களுக்கும் அது ஒன்றுபோலவே பொருந்தும்.